லாரி அலைன்மென்ட்: டேப்பா, நூலா, குச்சியா, கம்ப்யூட்டரா?

முன் டயர் ஓரம் தேய ஆரம்பித்தால் எங்கள் நாமக்கல் பக்கம் முதலில் உள்ளங்கையைத்தான் வைத்துப் பார்ப்போம். பட்டன்கள் (டயர் மேல்தளத்தில் துருத்தி நிற்கிற ரப்பர் கட்டைகள்) மேல் வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழவழவென்று போய், உள்ளிருந்து வெளியே தடவும்போது ரம்பம் மாதிரி பிடித்தால் டோ-இன் (இரண்டு டயரும் முன்பக்கம் உள்ளே திரும்பியிருப்பது) அதிகம். நேர்மாறாகப் பிடித்தால் டோ-அவுட், அதாவது வெளியே திரும்பியிருக்கிறது. காசில்லாத சோதனை. ஆனால் எத்தனை என்று கை சொல்லாது. அதை அளக்க நாலு வழி இருக்கிறது. நாலையும் என் ஆறு டயர் வண்டியில் செய்து பார்த்துவிட்டேன்.

எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு ஒரு கணக்கு. 10.00 R20 டயரின் விட்டம் ஏறக்குறைய 1,050 மி.மீ. இரண்டு முன் டயருக்கும் இடையில் முன்பக்க அகலம், பின்பக்க அகலத்தைவிட 10 மி.மீ. குறைவு என்று வையுங்கள். ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு நாலே முக்கால் மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகும். 2,000 கி.மீ. லோடு ஒன்றுக்கு ஒன்பதரை கிலோமீட்டர்! வேண்டியதோ ரேடியலுக்கு அரை நூல், நைலான் டயருக்கு ஒரு நூல் அளவுதான். (ஒரு நூல் என்பது அரைக்கால் இஞ்சு, 3 மி.மீ. சொச்சம்.) உங்கள் வண்டியின் புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே வையுங்கள்.

இன்னொன்று. எந்த வழியில் அளந்தாலும், ஆட்டம் இருக்கிற வண்டியில் அளவு நிற்காது. ஜாக்கி போட்டு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் ஹப் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சு ஆணி). பக்கவாட்டு ஆட்டம் என்றால் டை ராடு (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) எண்டைப் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இதைப் பார்க்காமலே டை ராடைத் திருப்பி, எல்லாம் பச்சையில் இருக்கிற ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் மறுபடி ரம்பம். கிங்பின் புஷ் போயிருந்தது.

சரி, டேப். டயரைத் தூக்கிச் சுற்றவிட்டு, நடுப் பட்டனில் சாக்பீஸ் பூசி, ஆணியை அசையாமல் பிடித்து ஒரு கோடு போட வேண்டும். இறக்கியதும் வண்டியைக் கொஞ்சம் முன்னால் ஓட்டி நிறுத்தி, ஹப் உயரத்தில் கோட்டுக்குக் கோடு அளக்க வேண்டும். முன்னால் சுலபம். பின்னால் இன்ஜின் சம்ப் (அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) குறுக்கே நிற்கும். டேப் தொய்யும். "இன்னும் இழுங்கண்ணா" என்று மறுமுனையில் கிளீனர் சொல்ல, நான் இழுக்க, ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் மாறும். தேடுவதே ஒன்றரை மில்லிமீட்டர் என்னும்போது இது எதற்கு ஆகும்?

நூல் கட்டுவது காருக்கு நல்ல வழி. லாரியில் பின்னால் ஜோடி டயர் வெளியே தள்ளி நிற்பதால் நூல் முன் டயரிலிருந்து விலகித்தான் போகும். அந்த இடைவெளியை ரிம்மின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் ஸ்கேலால் அளக்கலாம். எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தனித்தனியாகத் தெரியும். அது டேப்பில் தெரியாது. ஆனால் பின் ஆக்ஸில் கோணலாக இருந்தால் நூலும் அதோடு சேர்ந்து பொய் சொல்லும்.

என் ஓட்டு குச்சிக்கு. வெல்டிங் பட்டறையில் சொல்லி நானே செய்துகொண்டது: இரண்டரை மீட்டர் முக்கால் இஞ்சு பைப், ஹப் உயரத்துக்கு நிறுத்திய இரண்டு கம்பி, அதன் தலையில் கூரான முனை. ஒன்று நிலையானது, இன்னொன்று நகர்த்தி முடுக்குகிற மாதிரி. பைப் தரையில் கிடப்பதால் சம்ப் இடைஞ்சல் இல்லை. டயரின் முன்பக்கம் இரண்டு சாக்பீஸ் குறி வைத்து முனைகளை அதற்கு நேராக நிறுத்துவேன். அப்புறம் குச்சியை எடுத்துவிட்டு வண்டியை அரைச் சுற்று, ஏறக்குறைய 1.6 மீட்டர், முன்னால் உருட்டினால் அதே குறிகள் பின்பக்கம் வந்து நிற்கும். குச்சியைப் பின்னால் கொண்டுபோய் ஒரு முனையைக் குறியில் வைத்தால், மறுமுனைக்கும் குறிக்கும் உள்ள இடைவெளிதான் டோ. டயரில் அதே இடத்தையே இரண்டு தடவையும் அளப்பதால் டயர் கோணலாகச் சுற்றினாலும் கவலையில்லை, ஜாக்கியும் வேண்டாம். தவறி ரிவர்ஸ் எடுத்துவிட்டால் மட்டும் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். மூட்டுகளில் இருக்கிற தளர்வு மறுபக்கம் சாய்ந்துவிடும்.

திருத்துவதற்கு டை ராடு கிளாம்பைத் தளர்த்தி பைப் ரெஞ்சால் திருப்ப வேண்டும். ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை. அதனால் ராடு நீளும் அல்லது குறுகும். ராடு ஆக்ஸிலுக்குப் பின்னால் இருக்கிற வண்டியில் நீட்டினால் டோ-இன் கூடும். கால் சுற்றுக்கே டயரில் ஒரு நூலுக்கு மேல் மாறும், அவசரப்படாதீர்கள். டயருக்கு அடியில் நடுவே கிரீஸ் தடவிய இரண்டு தகடு போட்டால் சக்கரம் பிடிக்காமல் திரும்பும். முடுக்கும் முன் இரண்டு எண்டும் ஒரே சாய்வில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்ப்யூட்டர் எதற்கு என்றால், காஸ்டருக்கும் (கிங்பின் முன்பின்னாகச் சாய்ந்திருக்கிற அளவு) கேம்பருக்கும் (டயரின் தலை உள்ளே வெளியே சாய்ந்திருக்கிற அளவு). வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஆக்ஸில் பள்ளத்தில் அடிபட்டது என்றால் தயங்காமல் போங்கள். கேம்பர் மாற்ற ஆக்ஸிலையே பிரஸ்ஸில் வளைக்க வேண்டும், காஸ்டருக்கு ஸ்பிரிங் பிளேட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வைக்க வேண்டும். வீட்டு வேலை இல்லை. ஆனால் வெறும் டோவுக்காக ஒவ்வொரு தடவையும் அங்கே போய் வரிசையில் நிற்பது எனக்கு ஒத்துவரவில்லை.

பின் ஆக்ஸிலை மட்டும் கொத்தனாரின் தூக்குக்குண்டு காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டியரிங்கை நேராக வைத்து நாலு ஹப் நடுவிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, சிமென்ட் களத்தில் குறித்து, வலது பக்க நீளத்தையும் இடது பக்க நீளத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு நூலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு பிடித்திருக்கிற யூ போல்ட் தளர்ந்ததா, சென்டர் போல்ட் முறிந்ததா என்று பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் முன்னால் எத்தனை டோ வைத்தாலும் வண்டி நண்டு மாதிரி சாய்ந்துதான் ஓடும்.

டோ வைத்த பிறகு நேர் ரோட்டில் ஸ்டியரிங் வீல் கொஞ்சம் கோணலாக நின்றால் டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பி) நீளத்தில் சரிசெய்யுங்கள். வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஸ்டியரிங் பாக்ஸ் மட்டும் நடுவில் இருக்காது.