பீடோரில் சிறைக் குடும்பங்களுக்கான கவுன்சலிங்: போகலாமா?

என் தம்பி மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பா சிறையில் இருக்கிறான். உள்ளே போய் அவனைப் பார்க்கும் கவுன்சலரே பக்கத்துப் பீடோர் பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் குடும்பங்களையும் பார்க்கிறார், காசு வாங்குவதில்லை. தோட்டத்தில் இன்னும் சிலர் போகலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போங்கள்.

எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். தம்பி உயிரை மாய்த்துக்கொள்வதாகவோ யாரையாவது தாக்கப்போவதாகவோ சொன்னால் அதிகாரிகளிடம் சொல்லியே ஆகவேண்டும். வீட்டுக் கதை, பழைய கோபம், அழுகை எதுவும் வெளியே போகாது. இது சின்ன விஷயம் இல்லை. 2008-இல் பரோல் வந்ததிலிருந்து நல்ல பெயர் எடுத்தால் சீக்கிரம் வெளியே வரலாம் என்ற நினைப்பு உள்ளே இருப்பவர்களுக்கு உண்டு, அதனால் மனதில் உள்ளதைச் சொல்வதா, கவுன்சலருக்குப் பிடித்ததைச் சொல்வதா என்று தடுமாறிப்போகிறார்கள். “வர விருப்பமில்லை என்றால் சொல், அதைக் குறையாக எங்கேயும் எழுத மாட்டேன்” என்று இவர் சொன்ன பிறகுதான் தம்பி வாயைத் திறந்தானாம்.

முன்பு வந்த ஒரு தொண்டூழியர், தம்பி உள்ளே அழுததைக் கோயில் திருவிழாவில் யாரிடமோ சொல்லி, அது சுற்றி அம்மா காதுக்கு வந்தது. எவ்வளவு கொடுமை! இவரோ, “பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பார்த்தால் பேசட்டுமா, தெரியாத மாதிரி போகட்டுமா?” என்று அம்மாவிடமே கேட்டார்.

பெரியப்பா இறந்ததைத் தம்பியிடம் மறைக்கச் சொல்லி அம்மா கெஞ்சினார். அவன் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், எப்படிச் சொல்வது என்று சேர்ந்து யோசிப்போம் என்றார் கவுன்சலர். அம்மாவுக்குக் கோபம்தான், ஆனால் நான் அவர் பக்கம். அப்புறம் தம்பி யாரை நம்புவான்?

1998 கவுன்சலர்கள் சட்டப்படி பதிவு செய்தவர்தான் கவுன்சலராகத் தொழில் செய்யலாம். இவர் சான்றிதழைக் கேட்காமலே காட்டினார். வேறு எங்கே போனாலும் கேட்டுப் பாருங்கள்.

குறை என்றால், வார நாள் பகலில் மட்டும்தான் திறந்திருக்கிறது, செம்பனை வேலைக்குப் போகிறவர்கள் அரைநாள் சம்பளத்தை விடவேண்டும். அதைவிடப் பெரிய குறை அறைத் தடுப்பு: மெல்லிய பலகை, உள்ளே பேசுவது வெளி நாற்காலியில் இருப்பவருக்குக் கேட்கிறது. இவ்வளவு கவனமாக இருப்பவர் இதை முதலில் சரிசெய்ய வேண்டும், அவரிடமே சொல்லிவிட்டேன். அதுவரை ஆள் குறைவான நேரமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.