கடல் தெரியும் கோட்டைமலைகள்: எதில் ஏறுவது?

மலையுச்சியில் நின்று கடலைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் ஒரு பழைய கோட்டையோ கோயிலோ இடிந்த நிலையிலாவது இருக்க வேண்டும். இப்படித் தேடுபவர்களுக்கு மத்தியதரைக் கடலோரம் முழுக்க இடம் உண்டு. சிக்கலும் அதுதான். படங்களில் எல்லா மலையும் ஒரே மாதிரி இருக்கும்: முன்னால் உடைந்த மதில், பின்னால் நீலக் கடல். எதைத் தேர்ந்தெடுப்பது என்று படத்தைப் பார்த்து முடிவு செய்யவே முடியாது.

இவற்றை நான் உயரத்தை வைத்து எடைபோடுவதில்லை. 300 மீட்டர் குன்று 1000 மீட்டர் சிகரத்தைவிட அதிகம் தரக்கூடும். நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்தக் கோட்டையை ஏன் இங்கே கட்டினார்கள் என்பதற்கான பதில், உச்சியில் நிற்கும்போது கண்ணெதிரே விரிகிறதா? அன்று காவல் நின்றவன் எதைக் கவனித்தானோ அதையே இன்று நாமும் பார்க்க முடிந்தால் அந்த ஏற்றத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது. கடல் ஒருபக்கம், கல் ஒருபக்கம் என்று தனித்தனியாகக் கிடந்தால் அழகு இருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் ஐந்து மலைகளை எடுத்துக்கொள்கிறேன். மான்டினீக்ரோவின் கோட்டோர், சிசிலியின் செஃபலூ, கிரேக்கத்தின் அக்ரோகொரிந்த், சாண்டோரினித் தீவின் மெஸா வூனோ, சைப்ரஸின் பஃபவென்ட்டோ.

முதலில் கோட்டோரும் செஃபலூவும். இரண்டுமே ஊருக்குள்ளிருந்து தொடங்கும் ஏற்றங்கள். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்: கோட்டோரின் புனித யோவான் கோட்டை கடல்மட்டத்திலிருந்து சுமார் 260 மீட்டர், செஃபலூவின் பாறை சுமார் 270 மீட்டர். ஆனால் ஏறும் அனுபவம் வேறு. கோட்டோரில் கிட்டத்தட்ட 1350 படிகள். பழைய நகரைச் சுற்றிய மதில் அப்படியே செங்குத்தாக மலைமேல் ஏறிப் போகிறது, மொத்தம் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் நீளம். பாதி வழியில் 1518இல் கட்டிய சிறிய மாதா கோயில் ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். 1420 முதல் 1797 வரை வெனிஸ் இந்த ஊரை ஆண்டது. இன்று நாம் காணும் மதிலின் பெரும்பகுதி அந்தக் காலத்தின் வேலை.

கோட்டோரில் ஒரு விஷயத்தை முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மேலிருந்து தெரிவது திறந்த கடல் இல்லை. மலைகளுக்கு நடுவே வளைந்து உள்ளே வரும் விரிகுடா. பலரும் இதைப் பனியாறு குடைந்த பள்ளம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது கடல் புகுந்து மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்கு. அடிவானம் வரை தண்ணீர் வேண்டும் என்று வருபவருக்கு இங்கே ஏமாற்றம்தான். ஆனால் கோட்டை ஏன் இங்கே என்ற கேள்விக்குக் கோட்டோர் நல்ல பதில் சொல்கிறது. விரிகுடாவின் கடைசி மூலையில் ஊர், அதன் முதுகில் மலை. கப்பல் வந்தாலும் தெரியும், மலையிலிருந்து ஆள் இறங்கினாலும் தெரியும்.

செஃபலூவின் பாறை அதைவிடச் சாந்தமானது. பாதி உயரத்தில் டயானா கோயில் என்று சொல்லப்படும் பெருங்கல் கட்டடம் இருக்கிறது. கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டு வாக்கில் கட்டியது, அதற்குள்ளே இருக்கும் தண்ணீர்த் தொட்டி இன்னும் பழையது. பைசாந்தியர், அதாவது கிழக்கு ரோமப் பேரரசு, காலத்தில் ஊர் மக்கள் பாதுகாப்புக்காகக் கடற்கரையை விட்டு இந்தப் பாறைமேல் ஏறினார்கள். 858இல் அரபுப் படை இதைப் பிடித்தது. அப்புறம் நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் 1131இல் கீழே பெரிய தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினான், ஊரும் கீழே வளர்ந்தது. மதிலோரம் நின்று குனிந்தால் அந்தத் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் நேர் கீழே தெரியும். மக்கள் மேலே போனதும் கீழே வந்ததும் ஒரே பார்வையில் புரிகிறது. ஆனால் உச்சியில் கோட்டை என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை, அடித்தளம்தான். வானம் தெளிவாக இருந்தால் வடகிழக்கே அயோலியத் தீவுகள் தெரியும்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும், இதற்கு முன் மலை ஏறிப் பழக்கமில்லாதவர்களுக்கும் செஃபலூ. முழங்கால் திடமாக இருப்பவர்களுக்கும், மதில் என்ற கட்டுமானத்தை ரசிப்பவர்களுக்கும் கோட்டோர். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது அந்தப் படிகள் முழங்காலைத்தான் பதம் பார்க்கும்.

சரி, உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும் இடையில்தான்.

அக்ரோகொரிந்த் 575 மீட்டர் உயரமுள்ள தனிப்பாறை. பழைய கொரிந்து நகரின் இடிபாடுகளுக்கு மேலே சுவர்போல எழுந்து நிற்கிறது. முதல் வாயிலுக்குப் பக்கம் வரை கார் போகும். ஆனால் கீழே ஊரிலிருந்து நடப்பதையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் அப்போதுதான் இதை முற்றுகையிட வந்தவனின் கண்ணோட்டம் கிடைக்கும். மூன்று பக்கமும் ஏற முடியாத பாறை, மேற்குப் பக்கம் மட்டும் சரிவு. அந்த ஒரு சரிவில் மூன்று வாயில்கள், ஒன்றன்பின் ஒன்றாக. முதல் வாயிலுக்கு முன் அகழி. மூன்றாவது வாயிலின் வலப்பக்கக் கோபுரம் பெரும்பாலும் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கல்வேலை. அதன்மேல் பைசாந்தியர், பிராங்கியர் (சிலுவைப்போர்க் காலத்தில் வந்த மேற்கு ஐரோப்பியர்), வெனிசியர், ஓட்டோமான்கள் என்று வந்தவர்கள் எல்லாம் தங்கள் பங்குக்குக் கட்டியிருக்கிறார்கள். ஒரே சுவரில் கல்லின் அளவும் அடுக்கும் மாறுவதை வைத்தே இங்கே ஆட்சி மாறியதைப் படிக்கலாம்.

உள்ளே போனால் இடம் எதிர்பாராத அளவுக்குப் பெரியது. இரண்டு முகடுகள். தென்மேற்கு முகட்டில் பிராங்கியர் காலத்துக் காவல்கோபுரம். கிழக்கே இருக்கும் உயரமான முகட்டில் ஒரு காலத்தில் காதல் தெய்வமான அப்ரோடைட்டின் கோயில் இருந்தது, இன்று சில கற்கள்தான் மீதி. ஆனாலும் அந்த முகட்டுக்குத்தான் போக வேண்டும். வடக்கே கொரிந்து வளைகுடா, கிழக்கே சரோனிக் வளைகுடா. இரண்டு கடல்களுக்கு நடுவே, தெற்கே இருக்கும் பெலோபொனேஸ் தீபகற்பத்தை மற்ற கிரேக்கத்தோடு இணைக்கும் ஒடுங்கிய நிலத்துண்டு. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஆறு கிலோமீட்டர் சொச்சம்தான். 1893இல் திறந்த கால்வாய் அதைத்தான் வெட்டிக்கொண்டு போகிறது. இந்தப் பாறை யார் கையில் இருக்கிறதோ அவர் அனுமதியில்லாமல் தரைப்படை தெற்கே போக முடியாது. ஒரு கடலிலிருந்து மறுகடலுக்குச் சரக்கும் போகாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஏன் இதற்காக அடித்துக்கொண்டார்கள் என்று எந்த வழிகாட்டியும் சொல்லித்தர வேண்டியதில்லை. நில வரைபடம் காலடியில் விரிந்து கிடக்கிறது.

கி.மு. 243இல் சிக்கியோன் என்ற கிரேக்க நகரத்தின் தலைவர் அராட்டஸ் இந்தக் கோட்டையை ஒரே இரவில் பிடித்த கதையை மேலே இருக்கும்போது நினைத்துப் பாருங்கள். கோடைகால முழுநிலவு. ஆயுதங்கள் நிலவில் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அஞ்சிக்கொண்டு வந்த நேரத்தில், கடல் பக்கமிருந்து மேகம் ஏறி ஊரை மூடியதாம். ஏணியில் வழுக்காமல் இருக்க வீரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்களாம். அந்தப் பாதைக் கற்களில் நடந்து பார்த்தால் அது எவ்வளவு சரியான யோசனை என்று தெரியும். நூற்றாண்டுக் கணக்கில் கால்கள் தேய்த்த சுண்ணாம்புக்கல், காய்ந்திருக்கும்போதே வழுக்கும்.

மெஸா வூனோ இதற்கு நேர் எதிர். உயரம் 369 மீட்டர்தான், ஆனால் மூன்று பக்கமும் கடல். சாண்டோரினியின் தென்கிழக்கில் கமாரி, பெரிஸ்ஸா என்ற இரண்டு கருமணல் கடற்கரைகளுக்கு நடுவே துருத்தி நிற்கிறது. தீவின் பெரும்பகுதி எரிமலைக் கல்லாக இருக்க, இதுவும் பக்கத்தில் இருக்கும் ப்ரொஃபிடிஸ் இலியாஸ் மலையும் எரிமலைக்கும் முந்திய சுண்ணாம்புப்பாறை. கமாரி பக்கமிருந்து கொண்டை ஊசி வளைவுகளோடு கல் பாவிய சாலை. பெரிஸ்ஸா பக்கமிருந்து ஒற்றையடிப் பாதை. இரண்டும் மலைகளுக்கிடையே உள்ள கணவாயில் சேர்ந்து, அங்கிருந்து மேலே போகின்றன. நடக்க முடிந்தவர்கள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குங்கள். ஒரே மலையின் இரண்டு முகங்களும் கிடைக்கும்.

மேலே இருப்பது வெறும் கோட்டை இல்லை. பண்டைய தேரா, ஒரு முழு நகரம்: தெரு, சந்தை, கோயில்கள், கடலைப் பார்த்தபடி ஒரு அரங்கம். தோரியர் என்ற பண்டைய கிரேக்க இனத்துக் குடியேறிகள் தொடங்கிய ஊர். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஜெர்மானிய ஆய்வாளர் ஹில்லர் ஃபான் கேர்ட்ரிங்கென் இதைத் தோண்டி வெளிக்கொண்டுவந்தார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட தாலமி அரசர்கள் இங்கே படை வைத்திருந்தார்கள். ஏஜியன் கடலில் அவர்களுடைய கப்பல்படைக்கு இது முக்கியமான தளம், கி.மு. 145 வரை. அந்தக் காலத்தில் பெர்கே ஊரிலிருந்து வந்த ஆர்ட்டெமிடோரஸ் என்பவர் பாறையிலேயே ஒரு வழிபாட்டிடம் செதுக்கினார். கழுகு, சிங்கம், டால்பின், தன் முகம். அவை இன்னும் அப்படியே இருக்கின்றன. ஐந்து மலைகளிலும் தனி ஒரு மனிதரை இவ்வளவு நெருக்கமாகச் சந்திக்கும் இடம் வேறில்லை என்பேன்.

குறைகளும் உண்டு. சாண்டோரினி என்றதும் எல்லோரும் எதிர்பார்க்கும் எரிமலைக் குழியின் காட்சி இங்கே கிடையாது. அது தீவின் மேற்குப் பக்கம். உச்சித் தளத்துக்கு வாயிலும் திறப்பு நேரமும் உண்டு, அதைப் பார்க்காமல் ஏறினால் பூட்டிய கதவுதான். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று நிற்கவே விடாது. மேலே நிழல் அரிது. அன்றைய மக்களே மழைநீரைத் தொட்டிகளில் பிடித்துத்தான் வாழ்ந்தார்கள். தண்ணீர் கீழிருந்தே கொண்டுபோக வேண்டும். இன்னொன்று, இதே தீவில் இருக்கும் அக்ரோதிரி வேறு, இது வேறு. அது சாம்பலில் புதைந்த இன்னும் பழைய ஊர். பயணத் திட்டம் போடும்போது பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இரண்டில் ஒன்று என்றால் நான் அக்ரோகொரிந்தையே சொல்வேன். மெஸா வூனோவில் கடல் அழகாகச் சூழ்ந்திருக்கிறது, ஊர் எப்படி வாழ்ந்தது என்பதும் தெரிகிறது. ஆனால் தாலமிகளுக்கு இந்தத் தீவு ஏன் தேவைப்பட்டது என்று புரிய வரைபடத்தை விரிக்க வேண்டும். அக்ரோகொரிந்தில் அந்தத் தேவையே இல்லை. மறுபக்கம், மண்ணில் புரண்ட சாதாரண மனிதர்களின் சுவடு தேடுபவர் என்றால் என் பேச்சைக் கேட்காமல் தேராவுக்கே போகலாம்.

பஃபவென்ட்டோ இந்தப் பட்டியலில் மிக உயரமானது, ஏறத்தாழ 950 மீட்டர். வடசைப்ரஸின் கிரீனியா மலைத்தொடரில் இருக்கும் மூன்று கோட்டைகளில் நடுவில் இருப்பது. மேற்கே புனித ஹிலாரியன், கிழக்கே கன்டாரா. இரண்டுக்கும் நடுவே தீ மூட்டிச் செய்தி அனுப்ப இது பயன்பட்டது. வடக்கே கடலும், தெளிந்த நாளில் அதற்கு அப்பால் துருக்கியின் மலைகளும். தெற்கே நிக்கோசியாவும் சமவெளியும். காட்சியில் இதை வெல்ல ஆளில்லை. கட்டடமாகப் பார்த்தால் சுமார்தான், வெனிசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் இதைக் கலைத்துவிட்டார்கள். கோட்டைக்குக் கீழே வரை வண்டி போவதால் நடை குறைவு, ஆனால் அந்தக் கடைசிப் படிகள் செங்குத்து. தீவு வடக்கு, தெற்கு என்று பிரிந்திருப்பதால், தென்பகுதியிலிருந்து வருபவர்கள் எல்லையைக் கடக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும். தெற்கில் எடுத்த வாடகைக் காரின் காப்பீடு வடக்கே செல்லாது என்பதால் தனியாக எடுக்க வேண்டியிருக்கும்.

எப்போது போவது என்பது எதற்குப் போவது என்பதைப் போலவே முக்கியம். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் ஐந்துக்கும் பொருந்தும். கோடையில் வெப்பம் ஒரு பக்கம், தூரத்தை மறைக்கும் மங்கல் இன்னொரு பக்கம். கிரேக்கத்தில் கடும் வெப்ப அலை வந்தால் தொல்லியல் தளங்களை நடுப்பகலில் மூடிவிடுவதும் உண்டு. கோட்டோரும் செஃபலூவும் மேற்கு நோக்கிய சரிவில் ஏறுபவை, அதனால் காலையில் நிழல் கிடைக்கும். அங்கே மாலைச் சூரியனில் ஏறத் தொடங்காதீர்கள். அக்ரோகொரிந்தில் கடல் வடக்கிலும் கிழக்கிலும் இருப்பதால் பிற்பகல் வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து விழும், இரண்டு வளைகுடாக்களும் தெளிவாகத் தெரியும். வளைகுடாவுக்கு அப்பால் பர்னாசஸ், ஹெலிகோன் மலைகளையும் பார்க்க வேண்டுமென்றால் வசந்தத்தின் தொடக்கத்தில், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஏறுங்கள். பிடிமானமுள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ கட்டாயம்.