வெள்ளைப் புடவைப் பேய்: ஸ்கிரீனா, டிஜிட்டலா?

தலைவிரி கோலமும் வெள்ளைப் புடவையுமாகத் தமிழ்த் திரை வார்த்துத் தந்த பேயைப் பாப் ஆர்ட் பாணியில் (விளம்பரம்போலப் பளிச்சென்ற, தட்டையான நிறங்களில்) அச்சிட்டுச் சுவரில் மாட்ட விரும்பும் நாகர்கோவில்காரருக்கு இரண்டு வழிகள் உண்டு: கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அச்சிடும் கடையில் சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியே மையைக் கையால் இழுத்து ஏற்றும் ஸ்கிரீன் பிரிண்ட், அல்லது கணினியிலிருந்து நேரே எடுக்கும் டிஜிட்டல் பிரிண்ட். (முப்பந்தல் இசக்கியம்மனை இதில் கலக்க வேண்டாம்; அவள் வழிபாட்டுக்குரியவள், நாம் பேசுவது திரைப்பேயை.)

பாப் ஆர்ட்டில் பேர்பெற்ற அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1981-இல் வெளியிட்ட 'மித்ஸ்' தொகுப்பின் 10 ஸ்கிரீன் பிரிண்ட்டுகளில் சூப்பர்மேன், டிராகுலா ஆகியோருடன் ஒரு சூனியக்காரியும் இருக்கிறாள். அவளுக்கு முகம் தந்தவர், 1939-இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் அதே வேடம் ஏற்ற மார்கரெட் ஹாமில்டன். அத்தொகுப்பில் பயன்பட்ட மினுமினுப்புப் பொடியைச் டிஜிட்டல் பிரிண்ட் எடுக்கும் சாதாரண இன்க்ஜெட் இயந்திரத்தால் தர இயலாது.

நமது பேய்க்கோ பொடியைவிட வெள்ளையே முக்கியம். வழக்கமான டிஜிட்டல் இயந்திரத்தில் வெள்ளை மை கிடையாது; ஆகவே வெள்ளைத் தாள் முழுவதும் கருமையை நிரப்பி, புடவைக்கு மட்டும் இடம் விட வேண்டும். ஸ்கிரீனிலோ கருப்புத் தாளை எடுத்து, அடர்ந்த வெள்ளை மையை ஒரே இழுப்பில் ஏற்றிவிடலாம். இருட்டிலிருந்து புடவை எழுந்து வருவதுபோல் மை தாளின்மேல் தடித்து நிற்கும். உதட்டுக்கான சிவப்பை இரண்டாவது ஸ்கிரீனில் ஏற்றும்போது அது சற்றே விலகி விழுந்தாலும், அந்த விலகல் பாப் ஆர்ட்டுக்கு அழகுதான் என்பேன்.

இந்த மாவட்டத்தில் ஸ்கிரீனுக்கு எதிரி ஈரப்பதம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மழை பெய்வதால், மெஷ் எனப்படும் அந்த வலைத்துணிமேல் உருவத்தைப் பதிக்கப் பூசும் எமல்ஷன் என்ற பூச்சு மெதுவாக உலரும். தாளும் ஈரத்தை உறிஞ்சி விரிவதால் இரண்டாவது நிறம் வேண்டிய அளவுக்கு மேலும் நகரும். கோடையில் அச்சிடுவது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, ஒரே ஒரு பிரதிக்கு டிஜிட்டலே மலிவு, ஏனெனில் ஸ்கிரீனில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் தயாரிக்க வேண்டும். நண்பர்களுக்கும் சேர்த்துப் பல பிரதிகள் எடுப்பதாக இருந்தால் அச்செலவு பகிர்ந்துபோகும். நுண்ணிய நிழலும் தோலின் நிறமும் தேவைப்படும் உருவப்படம் என்றால் டிஜிட்டலை மறுக்க மாட்டேன். இரண்டே நிறங்களில் அடங்கிவிடும் இந்தப் பேய்க்கு ஸ்கிரீனையே தேர்வேன்.