‘தி கார்டியன்’ நடைக் கையேடு: ஒரு வினைச்சொல்லை வைத்து ஒரு மதிப்பீடு

பிரிட்டனின் ‘தி கார்டியன்’ நாளிதழ், 1928-இல் தன் செய்தியாளர்களுக்காகத் தொடங்கிய நடைக் கையேட்டை (எந்தச் சொல்லை எப்படி எழுத வேண்டும் என்று வழிகாட்டும் நூலை), இன்று எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி இணையத்தில் அகர வரிசையில் வைத்திருக்கிறது. அதன் தரத்தை உரசிப் பார்க்க ‘ரெஃப்யூட்’ (refute) என்ற ஒரு வினைச்சொல்லே போதும்.

தம்மீதான ஊழல் புகாரை ஓர் அமைச்சர் வெறுமனே மறுத்திருக்க, ‘அமைச்சர் ரெஃப்யூட் செய்தார்’ என்று ஆங்கிலத் தலைப்புகள் எழுதிவிடுகின்றன. சான்று காட்டிப் பொய்யென நிறுவுவதே அச்சொல்லின் இறுக்கமான பொருள் என்பதால், விசாரணை தொடங்கும் முன்பே அவர் குற்றமற்றவர் என்று நாளிதழே தீர்ப்பெழுதியதாகிவிடுகிறது. வாதம் உண்மையிலேயே தகர்க்கப்பட்டால் மட்டும் இதைக் கையாளுங்கள், மற்ற இடங்களில் ‘டினை’ (deny, மறுத்தல்), ‘ரிபட்’ (rebut, எதிர்வாதம் வைத்தல்) போன்றவற்றை எழுதுங்கள் என்று கையேடு சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறது. இந்தக் கறார்த்தன்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால், ‘மறுத்தல்’ என்ற தளர்ந்த பொருளையும் அகராதிகள் பதிவு செய்துவிட்ட நிலையில், பழைய பொருளை ஏன் விடாமல் காக்க வேண்டும் என்பதற்கு இன்னும் விரிவான விளக்கம் வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த உதவி ஆசிரியருக்கு வெறும் கட்டளை போதாது. இருந்தாலும், ஆங்கிலச் செய்தி எழுதுவோர் அனைவருக்கும் இக்கையேட்டைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.