பளபளப்புப் பிரதிகளுக்கு ஸ்பாட்டோன் 3 சாயம்

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை இருட்டறையில் தாளில் அச்சிடும்போது நெகடிவ் மீது படிந்திருக்கும் தூசி, பிரதியில் வெள்ளைப் புள்ளியாக விழுகிறது. அதை நீர்வண்ணத்தால் மறைத்தால், நிறமித் துகள்கள் தாளின் மேற்பூச்சான ஜெலட்டின் படலத்தின் மேலேயே தங்கிவிடுவதால், பிரதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவுடன் அந்த இடம் மட்டும் மங்கித் தெரியும். இத்தகைய புள்ளிகளைத் திருத்துவதற்கான ஸ்பாட்டோன் சாயமோ ஜெலட்டினுக்குள் ஊறி இறங்குவதால் பளபளப்பைக் கெடுப்பதில்லை. இதை வாங்குவதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இச்சாய வரிசையில் மூன்றாம் எண், நீலமோ பழுப்போ சாயாத நடுநிலைக் கருமை கொண்டது. ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கான் தட்டில் உலரவிட்டு, 000 அளவுத் தூரிகையின் நனைந்த நுனியால் தொட்டெடுத்து, ஈரத்தைத் தாளில் ஒற்றிய பின், வெள்ளைப் புள்ளிக்குள் மட்டும் சிறு சிறு குத்துகளாக வைத்து வந்தால், சுற்றியுள்ள சாம்பல் நிறத்தோடு அது படிப்படியாக இசைந்துவிடுகிறது. தூரிகையில் ஈரம் மிகுந்தால் ஓரத்தில் கரு வளையம் உருவாகும். அடர்ந்துவிட்ட சாயத்தை முழுவதும் அகற்றுவதும் எளிதன்று. பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்ற பொருள் அன்று இது.

கரும்புள்ளிகளுக்கு இச்சாயம் உதவாது. அவற்றைப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசலால் வெளுத்து, படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர் கரைசலில் மீண்டும் இட்டு, கழுவி உலர்த்திய பிறகே சாயம் வைக்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் பளபளப்புத் தாளில் வடு நின்றுவிடும்.

உற்பத்தி நின்றுபோனதால் இப்போது பழைய புட்டிகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. உலர்ந்த சாயமும் நீர் பட்டால் கரைந்துவிடும் என்பதால், பாதிப் புட்டி கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம்.