ஆவணம் தேடித் தரும் ஏஜென்சி: 4,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

என் தாத்தா திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து, பரேல் பக்கம் ஜேக்கப் சசூன் மில்லில் தறி ஓட்டியவர். 1943-ல் அது கைமாறி இந்தியா யுனைடெட் மில் ஆனது, ஆனால் எங்கள் வீட்டில் கடைசிவரை அது 'யூதர் மில்'தான். அந்த முதலாளி குடும்பம், அவர்களைப் போல மும்பைக்கு வந்து தொழில் செய்த மற்ற யூதர்கள், இவர்களைப் பற்றிய பழைய காகிதங்களைப் பார்க்க ஆசை. காப்பகம் காப்பகமாக ஏறி இறங்க லீவு இல்லாததால், தென்மும்பையில் இதையே தொழிலாகச் செய்யும் ஒரு சின்ன ஏஜென்சியிடம் (பெயர் வேண்டாம்) 4,000 ரூபாய் கட்டினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்ன தேதிக்கு 31 ஜெராக்ஸ் பக்கங்கள் வந்துவிட்டன, போன் செய்தால் எடுக்கிறார்கள்.

பக்கங்களைப் புரட்டினால்தான் எரிச்சல். பாதிக்கு மேல் அடி ஓரம் வெட்டுப்பட்டு, பக்க எண்ணே இல்லை, எந்த வருடத்து டைரக்டரி என்று ஒரு பென்சில் குறிப்புகூட இல்லை. வருடம் தெரியாத ஆவணத்தை வைத்துக்கொண்டு வடை மடிக்கலாம்.

அதைவிடப் பெரிய கோளாறு, இரண்டு கம்பெனிகளை ஒன்றாக்கிவிட்டார்கள். பாக்தாதிலிருந்து வந்த டேவிட் சசூன் தொடங்கியது ஒன்று, அவர் மகன் எலியாஸ் 1867-ல் தனியாகப் பிரிந்து போய் வைத்த ஈ.டி. சசூன் இன்னொன்று. எங்கள் ஜேக்கப், எலியாஸின் மகன். எனக்கு வந்த பக்கங்களில் முக்கால்வாசி 1875-ல் கட்டிய சசூன் டாக் என்ற கப்பல்துறையைப் பற்றியது, அதைக் கட்டியவர் எலியாஸின் அண்ணன் ஆல்பர்ட், அதாவது பெரியப்பா வீட்டுக் கணக்கைக் கொண்டுவந்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். இது பெரிய ஆராய்ச்சியும் இல்லை, நம்ம இனிஷியல் கணக்கேதான்: ஈ.டி.யில் வரும் டி அப்பா டேவிட், ஜேக்கப் ஈ. சசூனில் வரும் ஈ அப்பா எலியாஸ். ஒரு தமிழ்ப் பையனை வேலைக்கு வைத்திருந்தால் அரை நிமிடத்தில் பிரித்துக் கொடுத்திருப்பான்.

அப்புறம் பெனே இஸ்ரேல் எனப்படும் கொங்கணத்து யூதக் குடும்பங்கள் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "குடும்பப் பெயர் 'கர்' என்று முடிந்தால் மராட்டிக்காரர்கள்தானே சார்" என்கிறார் ஏஜென்சிக்காரர். கொங்கணக் கிராமங்களில் பல தலைமுறை வாழ்ந்து ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். 1796-ல் மும்பையின் முதல் யூத ஜெபாலயத்தைக் கட்டிய சாமுவேல் எசேக்கியேலும் ஒரு திவேகர்தான்.

டேவிட் சசூன் கம்பெனியின் சொந்தக் கடிதங்களும் கணக்குகளும் ஜெருசலேம் தேசிய நூலகத்தில் இருக்கின்றன, அதிலும் நிறைய, அரபி மொழியை எபிரேய எழுத்தில் எழுதியவை. இங்கே தேடினால் பெரும்பாலும் சர்க்கார் பக்கத்துக் காகிதம்தான் கிடைக்கும். காசு வாங்கும் முன் இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்க வேண்டாமா?

நீங்களும் தேடுவதாக இருந்தால் முதலில் தென்மும்பையின் காலா கோடா பகுதிக்குப் போங்கள். டேவிட் சசூன் நூலகத்தில் கிழவர் பாக்தாத் அங்கியோடு சிலையாக நிற்கிறார். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பல காலம் நீல நிறத்தில் இருந்த ஜெபாலயம், ஜேக்கப்பும் தம்பிகளும் அப்பா நினைவாக 1884-ல் கட்டியது. பெயரே கெனெசெத் எலியாஹூ, இனிஷியலுக்குச் சாட்சி. அடையாள அட்டை மறக்காதீர்கள், வாசலில் கேட்பார்கள்.

ஏஜென்சிக்கு ஐந்துக்கு இரண்டு. பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், "பார்க்கிறோம் சார்" என்ற இடத்திலேயே நிற்கிறது.