அரசு நாதாமா, வட்டார நாதாமா: மங்கோலியா செல்லும் சிறு குழுவுக்கு எது ஏற்றது?

ஜூலை மாதத்தில் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுவாக மங்கோலியா செல்ல நினைப்பவர்கள், நாதாம் திருவிழாவை எங்கே பார்ப்பது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை ஆகிய மூன்று ஆட்டங்களைக் கொண்ட இவ்விழா, 2010-இல் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 1921-ஆம் ஆண்டுப் புரட்சியின் நினைவு நாளான ஜூலை 11 அன்று தலைநகர் உலான்பாதரில் அரசு நாதாம் தொடங்குகிறது. அதை ஒட்டிய நாள்களில் நாடெங்கும் ‘சும்’ எனப்படும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட வட்டாரங்கள் தத்தம் நாதாமைத் தாமே நடத்துகின்றன. இவை தவிர, பயணிகளுக்காகவே கூடாரத் தங்குமிடங்களில் ஏற்பாடு செய்யப்படும் செயற்கை நாதாமும் உண்டு.

ஆட்டத்தின் தரம் மட்டுமே அளவுகோல் என்றால் தலைநகருக்கு நிகர் இல்லை. வழக்கமான ஆண்டுகளில் 512 மல்லர்கள் களமிறங்குகிறார்கள். தோற்றவர் விலகிவிட, ஒன்பது சுற்றுகளில் ஒரே ஒருவர் எஞ்சுகிறார். எடைப் பிரிவு என்பதே கிடையாது என்பதால், பட்டம் பெற்ற மூத்த மல்லர் ஒருவர் தம்மில் பாதி எடையுள்ள இளைஞரோடு மோதும் காட்சியும் உண்டு. ஐந்து சுற்று வென்றவருக்கு வல்லூறு, ஏழு வென்றவருக்கு யானை, இறுதியில் வென்றவருக்குச் சிங்கம் எனப் பட்டங்கள் உயர்ந்துகொண்டே போகின்றன. நாட்டின் மிகச் சிறந்த மல்லர்களை இங்கே ஒரே களத்தில் காணலாம். அரசு மாளிகையிலிருந்து குதிரை வீரர்கள் ஒன்பது வெண்கொடிகளை ஏந்தி அரங்கத்துக்குள் வரும் தொடக்க விழாவும் இங்கு மட்டுமே காணக் கிடைப்பது.

ஆனால் சிறு குழுவாகச் செல்வதன் பயன் அந்த அரங்கத்துக்குள் நுழைந்ததும் கரைந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் படிக்கட்டுகளில் எட்டுப் பேரும் எண்பது பேரும் ஒன்றுதான். மல்லர்கள் தொலைவில் தெரிவார்கள், பக்கத்தில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் இன்னொரு பயணியாக இருப்பார். குதிரைப் பந்தயம் நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹூய் தோலோன் ஹுதாக் வெளியில் நடப்பதால், வாகன நெரிசலில் ஒரு முழு நாள் போய்விடும். அந்த வாரத்தில் விடுதி அறைகளும் எளிதில் கிடைப்பதில்லை. வில்வித்தைக் களம் மட்டும் இதற்கு விலக்கு. ஆண்கள் 75 மீட்டர் தொலைவிலிருந்து தரையில் அடுக்கிய சிறு தோல் உருளைகளைக் குறிவைக்க, இலக்கின் அருகிலேயே நிற்கும் நடுவர்கள் கைகளை உயர்த்தி ‘ஊஹாய்’ என்று நீட்டிப் பாடி அம்பு பட்டதை அறிவிப்பார்கள். அங்கே அருகில் சென்று நிதானமாகப் பார்க்க முடியும்.

வட்டார நாதாமில் அரங்கமே இல்லை. புல்வெளியில் மக்கள் வட்டமாக அமர்ந்திருக்க, சில டஜன் மல்லர்கள் நடுவில் பொருதுகிறார்கள். பருந்தைப் போல் கைவிரித்து ஆடும் வெற்றியாளரின் கையடியில் தோற்றவர் குனிந்து கடப்பதைச் சில அடி தொலைவில் காணலாம். மல்லர்களின் குடும்பத்தினரே பார்வையாளர்களாகவும் இருப்பதால், வழிகாட்டி மூலம் ஒரு கேள்வி கேட்டாலே உரையாடல் தொடங்கிவிடும். இரு வயதுக் குதிரைகளின் பந்தயத்தில் கடைசியாக வரும் குட்டிக்கும் ‘பாயன் ஹோதோத்’ (நிறைந்த வயிறு) என்று வாழ்த்துப் பாடி, அடுத்த ஆண்டு முதலிடம் பெற ஆசி கூறும் வழக்கம் உண்டு. தம் குட்டிக்கு அப்பாடல் பாடப்படும்போது உரிமையாளர் குடும்பத்தின் முகத்தைப் பார்க்கும் அருகாமை, என் மதிப்பீட்டில், இப்பயணத்தின் எந்த ஆடம்பரத்தையும்விடப் பெரிது. எட்டுப் பேர் அங்கே விருந்தினராகக் கலந்துவிடலாம். நாற்பது பேர் பேருந்தில் வந்து இறங்கினால் அந்த விழாவே பயணிகளுடையதாக மாறிவிடும். குழு சிறியதாக இருக்க வேண்டியதன் உண்மையான காரணம் இதுதான்.

இதற்கான விலை நிச்சயமின்மை. வட்டார விழாவின் நாளை உள்ளூர் நிர்வாகம்தான் முடிவு செய்கிறது. ஆண்டுக்கு ஆண்டு அது மாறலாம், பல மாதங்களுக்கு முன்பே உறுதியாகத் தெரியும் என்றும் எதிர்பார்க்க முடியாது. மண்பாதையில் பல மணி நேரம் ‘ஃபுர்கோன்’ என்னும் பழைய ரஷ்ய வேனில் குலுங்கிச் செல்ல வேண்டியிருக்கலாம். மொழி தெரிந்த வழிகாட்டி இல்லாவிட்டால் பாதி விழா புரியாது. பயண நாள்களில் இரண்டொரு நாளைத் திறந்து வைக்க முடியாதவர்களுக்கு இது பொருந்தாது; அவர்கள் தலைநகரைத் தேர்ந்தெடுப்பதே சரி.

இரண்டு இடத்துக்கும் பொதுவான ஒரு சங்கடத்தையும் மறைக்கக் கூடாது. பந்தயக் குதிரைகளை ஓட்டுபவர்கள் சிறுவர் சிறுமியர். குதிரையின் வயதைப் பொறுத்து பத்து முதல் இருபத்தைந்து கிலோமீட்டர் வரை அவர்கள் விரைகிறார்கள். விதிகள் தலைக்கவசத்தை வலியுறுத்தினாலும் விழுந்து காயமடைவதும் உயிரிழப்பதும் நடந்திருக்கின்றன. மேய்ச்சல் குடும்பங்களுக்கு இது பெருமைக்குரிய மரபு. குழந்தை உரிமை அமைப்புகளுக்கோ இது கவலை தரும் செயல். பந்தயத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பதைக் குழுவினர் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். பந்தயத் தடத்தின் ஓரத்தில் நின்று விவாதிக்கும் விஷயம் அல்ல இது.

பயணிகளுக்காக நடத்தப்படும் நாதாமை நான் இழிவாகக் கருதவில்லை. ஜூலையில் வர முடியாதவர்கள் வில்லைக் கையில் பிடித்துப் பார்க்கவும், மல்லரின் மார்பு திறந்த சட்டையைப் பற்றி விரிவாகக் கேட்கவும் அது உதவும். ஆனால் அங்கே யார் வென்றாலும் எவருக்கும் எதுவும் மாறுவதில்லை. அதைச் செய்முறை விளக்கம் என்று சொல்லி விற்றால் குறை இல்லை; நாதாம் என்று விற்பது தவறு.

ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட, நாள்களில் நெகிழ்வு உள்ள குழுவுக்கு நான் வட்டார நாதாமையே பரிந்துரைக்கிறேன். நாள்கள் இடம்கொடுத்தால் தலைநகரின் வில்வித்தைக் களத்தில் ஒரு பிற்பகலையும் சேர்த்துக்கொள்ளலாம். முன்பணம் கட்டும் முன் பயண ஏற்பாட்டாளரிடம் எந்த வட்டாரம், அங்கே யாரிடம் பேசி நாளை உறுதி செய்வீர்கள், நாள் மாறினால் மாற்று வட்டாரம் எது என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.